பம்புக்கு ஆட்டுத்தோல்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்காரர் மக்பூல் அகமது சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பிட்டீர்களா என்றால் "ம்". மாத்திரை போட்டீர்களா என்றால் அதற்கும் "ம்". எனக்குப் பயமாகப் போய்விட்டது. அதனால்தான் பழைய முதலாளி தன் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை இவர் தலையில் கட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. கார் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? இந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்தால் போதும்.

எழுந்தார். பெட்ரோல் டேங்கைக் கழற்றி, உள்ளே ஜல்லியைப் போட்டு உலுக்கித் துருவை எடுத்தார். குழாய்களை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து என் பிரியாணித் தாம்பாளத்தில் பரப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெட்ரோல் பம்பின் மூடிக்கு அடியில் கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் மட்டும் நைந்துபோயிருந்தது.

"கார்க் ஷீட்லதான் வெட்டணும் பாய். வேலூர்ல சொல்லி வெச்சிருக்கேன், வந்துரும்" என்றார் மெக்கானிக் பச்சையப்பன்.

இவருக்குப் பொறுக்குமா? எங்கள் வீட்டில் கதவு ஆடினாலும் தோல், குழாய் ஒழுகினாலும் தோல். மெத்தென்ற ஆட்டுத்தோலில் கச்சிதமாக வெட்டி வைத்துவிட்டார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அடுத்த வாரம் பள்ளிகொண்டாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அதிலேயே புறப்பட்டோம். மாதனூர் தாண்டியதும் பெட்ரோல் நாற்றம். வண்டி இருமிவிட்டு நடுரோட்டில் நின்றது. இறங்கிப் பார்த்தால், தோல் பேக்கிங் அப்பளம்போல் விறைத்துச் சுருங்கி, பம்பிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது.

அவர் முகம் செத்துப்போனது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மறுபடியும் சுவர்தானா? அழுகை வந்திருக்க வேண்டும், ஆத்திரம்தான் வந்தது.

"ஆட்டுத்தோல்ல கொழுப்பெடுக்க மண்ணெண்ணெய் ஊத்துவோம், ஜாஸ்தியானா தோல் வெறைச்சிரும்னு நீங்கதானே நூறு தடவ சொன்னீங்க? பெட்ரோல் மட்டும் சும்மா இருக்குமா? இன்னா சூப்பர்வைசர் நீங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்தார். "இன்னாடி வாய் நீளுது? நான் வெட்டும்போது பக்கத்துலதானே நின்னே? அப்போ வாயில இன்னா, கொழுக்கட்டையா? பச்சையப்பனுக்குப் போன் போட்டு கார்க் ஷீட்டோட வரச் சொல்லு! வேடிக்கை பாக்காம பின்னாடி போய் ஓரமாத் தள்ளு!"

லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. அவர் திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

யா அல்லாஹ், இவர் வாய் இப்படியே இருக்கட்டும்.