மூலையம்மாவுக்கு ஒரு மூலை

"மாமா, எழுந்திருங்கன்னு சொன்னேன்!"

"ஏன், அடுத்தவன் ரிசர்வ் பண்ண சீட்லயா உக்காந்துட்டேன்?"

"ஆமா. அது என் சீட்டு. எனக்குன்னு நான் போட்டது."

"இந்த வீட்டுக்கு மூத்தவன் கொல்லையில ஒரு நாற்காலியில உக்காரக் கூடாதாம்! கேட்டுக்குங்க எல்லாரும், நல்லாக் கேட்டுக்குங்க!"

'எல்லாரும்' என்றது என்னையும் சேர்த்துத்தான். நான் அப்போது எங்கள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எப்போதோ உலர்ந்துவிட்ட துணிதான். சண்டை முடியாத நேரத்தில் கீழே இறங்குவது மரியாதையாக இருக்காது என்று அதையே உதறி உதறித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக் கொல்லை முழுவதும் தெரியும். வீடு கட்டியவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலையில் இருந்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார், குரல் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அவர் சொல்லித் தெருமுனைவரை தெரிந்துவிடும். அவர் மருமகளோ அதற்கு நேர் எதிர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரல் கொல்லைச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. துணியை அத்தனை தரம் உதறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சத்தம் கேட்டு அவள் புருஷன் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் பாதிப் பேரின் பார்வையைச் சரிசெய்தவர் அவர்தான்.

"ஒரு நாற்காலிக்கா இவ்வளவு சத்தம்? அப்பாவுக்கு அந்த இடம் பிடிச்சுப்போச்சு. நீ வேற ஒண்ணு போட்டுக்கோயேம்மா. உனக்கு அது கைவந்த வேலைதானே?"

அவள் உள்ளே போய்விட்டாள். பெரியவர் கொய்யா மரத்தடியில் கால்களை நீட்டிக்கொண்டார்.

கைவந்த வேலை என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவளுக்குத் தொழிலே அதுதான். பணம் இருந்தும் நிம்மதி இல்லாதவர்கள் கூப்பிட்டு அனுப்புவார்கள். போய் வீட்டையும் தோட்டத்தையும் ஒரு சுற்று சுற்றி வருவாள். பிறகு யாரும் கண்டுகொள்ளாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு மனுஷன் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்க இடம் பண்ணிக் கொடுப்பாள். தெருவில் அவளுக்கு மூலையம்மா என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கட்டும்.

இதில் என்ன பெரிய வித்தை என்று ஒருநாள் கேட்டேன். "முதுகுக்குப் பின்னால சுவர் இருக்கணுங்க. அப்பத்தான் உடம்பு பயத்தை விடும். கண்ணுக்கு எதிரே கொஞ்சம் தூரம் வேணும். பாக்கறதுல ஏதாவது ஒண்ணு அசையணும், இலையோ தண்ணியோ. ஒண்ணுதான், ரெண்டு அசைஞ்சா அது கடைத்தெரு. வர்ற வழியில கூழாங்கல்லு போட்டுட்டா யாரு வந்தாலும் முன்னாடியே சத்தம் கேக்கும், திடுக்கிட வேண்டாம்" என்றாள். சொன்னவள் சொல்லிக்கொண்டே என் வீட்டு நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவைத்தாள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அதைவிட்டு எழுவதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு மாமனாரோடு ஒரு நாற்காலிக்குச் சண்டை ஏன் என்று எனக்கு மண்டை குடைந்தது. காரணம் இல்லாமல் ஒரு சண்டை நடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்த நாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரமே இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பறித்துக் கொடுத்தாள்.

"என்னங்க நேத்து? நீங்களா அப்படிக் கத்தினது?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள். "எனக்கு அழணுங்க. அவ்வளவுதான். எங்க வெச்சு அழறதுன்னு தெரியல."

அவளுடைய அக்கா இறந்துபோய் அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தாயில்லாத வீட்டில் இவளைத் தூக்கி வளர்த்த அக்கா. சாவுக்கு நானும் போயிருந்தேன். வந்தவர்களுக்கு டீ சொன்னது, நாற்காலி போட்டது, அக்கா மகளை மடியில் கிடத்திக்கொண்டது, மாத்திரை நேரத்தை மறந்த மாமனாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது எல்லாம் இவள்தான். "பாரேன், கல்லாட்டம் இருக்கா" என்று இரண்டு பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். நானும் 'ம்' கொட்டினேன்.

"அன்னிக்கு நேரம் இல்லீங்க" என்றாள். "அப்புறமா அழுதுக்கலாம்னு வெச்சேன். அது அப்படியே இங்க நிக்குது." தொண்டைக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "சாப்பாடுகூட அதைத் தாண்டித்தான் போகுது."

"பாத்ரூம்ல போய் அழ வேண்டியதுதானே? நாங்கெல்லாம் அங்கதான் அழறோம்."

"போனேன். தண்ணி வரலையா, மோட்டார் போடவான்னு கதவைத் தட்டறாங்க."

"வேலைக்குப் போற இடத்துல?"

"வேலை முடியறவரைக்கும் ஆளுங்க நிப்பாங்க. முடிஞ்சா சாவி அவங்க கைக்குப் போயிடும்."

"சரி, வீட்ல சொல்லிடுங்க. எனக்கு இப்படி இருக்கு, கொஞ்ச நேரம் தனியா விடுங்கன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்கள உங்களுக்குத் தெரியாதா? சொன்னா எல்லாருமா வந்து சுத்தி உக்காந்துப்பாங்க. சரிம்மா, இப்ப அழுன்னு. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

என்னிடம் போய் இதைச் சொல்கிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

கொய்யா மரத்தடி போய்விட்டதா, மாடி பால்கனியில் ஒரு இடம் பண்ணினாள். மூங்கில் தட்டி, கோரைப்பாய், மூலையில் ஒரு பெரணிச் செடி. இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அவள் கொழுந்தன் மடிக்கணினியோடு அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் அவன். வேலையில் பாதி, உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு பேசுவது. "அண்ணி, சூப்பர் அண்ணி! இங்க உக்காந்தா என் குரலே மாறிடுது. அவளே சொல்றா!" என்றான். இதைக் கேட்டபிறகு எழுந்திரு என்று எந்த அண்ணிதான் சொல்வாள்?

அடுத்து, படுக்கையறை ஜன்னலோரம் ஒரு திண்டு போட்டாள். பரீட்சைக்குப் படிக்க மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இங்கதான்மா மண்டையில ஏறுது." அவளும் நல்ல பெண், உண்மையிலேயே படித்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு ஒரு விஷயம் புரிந்தது, அவளுக்கும் அதே நேரத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். அவள் கை பட்ட இடம் நன்றாக இருந்துவிடுகிறது. நன்றாக இருக்கிற இடத்துக்கு ஆள் வந்துவிடுகிறது. ஆகவே யாருமே வர விரும்பாத இடமாக ஒன்றைச் செய்வது என்று கிளம்பினாள். தொழிலில் அவள் செய்யாத காரியம்.

வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் எந்திரத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. எதிரே காரை பெயர்ந்த சுவர். தலைக்கு மேலே கழிவுக் குழாய். அங்கே கால் ஆடும் ஒரு முக்காலியைப் போட்டாள். கூழாங்கல் கிடையாது, செடி கிடையாது. அழகுக்கு என்று எதையும் வைக்கக் கூடாது என்று தனக்கே கட்டளை போட்டிருந்தாள் போல.

ஆனால் கை சும்மா இருக்குமா? முதல் நாள் முக்காலியின் ஆடுகிற காலுக்கு ஒரு ஓட்டுத் துண்டைச் செருகினாள். மறுநாள் முக்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டாள், முதுகுக்கு. பிறகு குழாயில் தொங்கிக்கொண்டிருந்த கந்தல் துணியை எடுத்துவிட்டாள். அது போனதும் சுவருக்கு மேலே ஒரு துண்டு வானம் தெரிந்தது, எங்கள் வேப்பமரத்தின் ஒரே ஒரு கிளை அதில் அசைந்தது. நான் மாடியிலிருந்து, 'வேண்டாம், வேண்டாம், கெடுத்துடாதீங்க' என்று மனசுக்குள் கத்தினேன். அவள் உட்கார்ந்தாள். தோள்கள் இறங்கின. முந்தானையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். நான்கூட நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டேன், பாதி.

"இங்கயா இருக்க? எங்கெல்லாம் தேடறது?"

கண்ணாடிக்கடைக்காரர். எந்திரத்தின்மேல் சாய்ந்து நின்றார், பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார். கிளையைப் பார்த்தார்.

"என்னமோ தெரியல, இங்க உக்காந்தா மனசு இளகுது" என்றார். பிறகு, "உங்க அக்கா என்னை எப்பவும் 'என்ன மாப்பிள்ளே, கண்ணு தெரியுதா'ன்னுதான் கூப்பிடுவாங்க. இனிமே யாரு அப்படிக் கூப்பிடப் போறா" என்றவர், தோள் குலுங்கக் குலுங்க அழ ஆரம்பித்துவிட்டார்.

மூலையம்மா வாயருகே வைத்திருந்த முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "விடுங்க, விடுங்க. நான் இருக்கேன்ல" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். நல்ல மனுஷன். திட்டவும் வாய் வரவில்லை. அதன்பிறகு தினமும் கடையை அடைத்துவிட்டு வந்ததும் அவர் அந்த வாளியில்தான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க மாடிக்கு வாங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால நிழல் இருக்கு. படிக்கட்டு வாசல்ல நான் உக்காந்துக்கறேன். எமனே வந்தாலும் என்னைத் தாண்டி ஏற முடியாது" என்றேன்.

வந்தாள். எதையும் நகர்த்தவில்லை, நேரே தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். நான் கீழே படியில் பட்டாணி உரித்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன். ஒரு கிண்ணம்கூட உரித்திருக்க மாட்டேன்.

"எங்க மருமக இங்க வந்தாளா?" பெரியவரின் குரல் வாசலிலிருந்தே அறிவித்துக்கொண்டு வந்தது.

"வரலையே."

"செருப்பு கிடக்கே?"

"அது என்னோடது."

"அப்ப கால்ல போட்டிருக்கறது?"

காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். "வருவா, வருவா" என்று சமாளித்தேன். "அப்ப இருந்து பாத்துட்டுப் போறேன்" என்று கூடத்தில் உட்கார்ந்தார். அப்பாவைத் தேடிக் கொழுந்தன் வந்தான். சித்தப்பாவைத் தேடி மகள் வந்தாள். கடையிலிருந்து திரும்பி, வீட்டில் யாரும் இல்லாததைப் பார்த்துப் பதறிக் கண்ணாடிக்கடைக்காரரும் வந்துவிட்டார். என் கூடம் வண்டிக்குக் காத்திருக்கிற நடைமேடை மாதிரி ஆகிவிட்டது.

"கொஞ்ச நாளா அண்ணி ஒரு மாதிரியா இருக்காங்க" என்றான் கொழுந்தன்.

"அம்மா சாப்பிடறதே இல்ல ஆன்ட்டி" என்றாள் மகள்.

"நான் அன்னிக்கு நாற்காலிக்குச் சண்டை போட்டிருக்கக் கூடாது" என்றார் பெரியவர், அவருக்குத் தெரிந்த அளவில் ரகசியக் குரலில். அது மாடிக்கு மட்டுமா, அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

எல்லாருக்கும் அவள்மேல் உயிர். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சொல்லிவிடலாமா என்று என் நாக்கு துடித்தது. சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேனே.

கொஞ்ச நேரத்தில் அவளே இறங்கி வந்தாள். கண் காய்ந்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு நடந்ததும் நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அழுதாச்சா?"

"வந்துதுங்க. நெஜமாவே வந்துது. அதுக்குள்ள மாமா குரல் கேட்டுது. மத்தியான மாத்திரை போட்டாரான்னு ஒரு நெனப்பு. அப்புறம் அது அப்படியே உள்ள போயிடுச்சு" என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். தொட்டிக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன், ஆனா தனியா இல்ல."

பட்டாணியில் பாதியை அவள் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வருஷக் கடைசியில் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது, பால்கனியில் உட்கார்ந்து அவன் பேசிக்கொண்டிருந்த அதே பெண்ணோடுதான். பெண் அவனைவிட ஒரு பிடி உயரம், பேச்சில் பெரியவரையே தூக்கிச் சாப்பிடுவாள். இரண்டு பேரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். மாடி அறை காலியானது. அறையோடு பால்கனியும். மூலையம்மா அதைக் கூட்டித் துடைத்து, கோரைப்பாயை வெயிலில் போட்டதை நான் பார்த்தேன். சரி, இனிமேல் அவள் பாடு நிம்மதி என்று நானும் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் போகவில்லை, அக்கா வீட்டுக்காரர் மறுகல்யாணம் செய்துகொண்டார். சீக்கிரம்தான், தெருவே பேசியது. யார் முதலில் பேசினார்கள் என்பது இங்கே வேண்டாம். புதிதாக வந்தவளோடு அக்கா மகளுக்கு ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரர் போய், பெட்டியும் படுக்கையுமாக அவளை அழைத்து வந்துவிட்டார். பதினைந்து வயது இருக்கும். வாசலில் நிற்கும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்.

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியவர் தன் கொய்யா மரத்தடியைத் தருவதாகவே அறிவித்தார். மூலையம்மாதான் அத்தனை பேரையும் விலக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நீ மேல வாடா கண்ணு. சித்தி உனக்கு ஒரு இடம் காட்டறேன்" என்று மாடிக்குக் கூட்டிப்போனாள். பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். பாயைத் தட்டிப் போட்டாள். பெண்ணை உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. நல்ல அழுகை, அடக்காத அழுகை. பெரியவர் எழுந்தார், மகள் எழுந்தாள், கண்ணாடிக்கடைக்காரர் முதல் படியில் காலே வைத்துவிட்டார்.

"யாரும் போகக் கூடாது" என்று மூலையம்மா படிக்கட்டின் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் இப்போது அங்கேதான் இருக்கிறது, அந்த அறையிலேயே. வீட்டில் போன ஆள் ஒன்று, வந்த ஆள் ஒன்று, கணக்கு சரியாகிவிட்டது. மூலையம்மாவின் மூலைதான் அந்தக் கணக்கில் வரவில்லை.