நாற்பதாவது லெவலுக்கு முன்

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன். பல் தேய்க்கிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, முந்தின நாள் சட்டையை வாளியில் ஊறப்போடுகிறேன். பால் பொங்குவதற்குள் டிவியைப் போட்டு, என் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கிறேன். இருக்கிறாள். அடுப்பை அணைக்கிறேன். குளிக்கப் போகிறேன்.

சென்ற ஞாயிறு வரை என் காலை இப்படித்தான் இருந்தது.

டிவியில் இருப்பது ஒரு விளையாட்டு. காடு, கோட்டை, அரக்கர்கள், வாள், வில். கல்யாணமான புதிதில் அவள் வாங்கி வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். நான் வாள்காரன், அவள் வில்லாளி. ஒருவர் வராத நாளில் விளையாட்டே அந்த ஆளை நடத்தும். நமக்குத் துணையாகக் கூட வரும். அவர் அதுவரை எப்படி ஆடினாரோ அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அப்படியே ஆடும்.

அவள் வழியில் தென்படும் செடியை எல்லாம் பறிப்பாள். எந்த வாசலைக் கடந்தாலும் காரணமே இல்லாமல் ஒரு குதி குதிப்பாள். எனக்கு லேசாக அடிபட்டால் போதும், தன்னிடம் இருக்கும் மருந்தை என்மேல் வீசிவிட்டு, "மண்டு, பாத்து!" என்பாள்.

அவள் இறந்த பிறகும் வில்லாளி செடி பறித்தாள். வாசலில் குதித்தாள்.

அவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தவள் மேசையிலேயே சரிந்துவிட்டாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை. மறுநாள் மூச்சும் இல்லை.

விளையாட்டில் துணைக்கு நம் சொந்தக் குரலைப் பதியலாம். ஆறு இடங்கள். பாயும்போது, நிற்கும்போது, மருந்து தரும்போது, ஓடும்போது, ஜெயிக்கும்போது. ஆறாவது, வீழும்போது. இதில் வீழ்ந்த துணை மறுபடி எழாது. ஐந்தையும் சோபாவில் என் தோளில் சாய்ந்துகொண்டே பதிந்தாள். ஆறாவதுக்கு மட்டும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து, "இத நீ கேக்கவே மாட்ட. நான் என்ன உன்ன மாதிரியா, பொத்து பொத்துன்னு விழுறதுக்கு?" என்றாள். கடைசிவரை விழவும் இல்லை.

அவள் குரல் வேறு எங்கும் இல்லை. குரலில் செய்தி அனுப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பாள். எங்களுக்குள் எல்லாமே எழுத்துதான். கல்யாண வீடியோவில் அவள் வாய் அசைகிற இடமெல்லாம் வீடியோக்காரர் இசையைப் போட்டு நிரப்பியிருக்கிறார். விளையாட்டுக்குள் இருக்கும் ஐந்தையும் ஃபோனில் பிடித்து வைத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டு அவை காலிங் பெல் சத்தம் போல ஆகிவிட்டன. காதில் விழும், உள்ளே போகாது.

எனக்கு அவள் புதிதாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஒன்று.

பதிந்த குரலைத் தனியாகப் போட்டுக் கேட்க வழியில்லை. அழித்துவிட்டுப் புதிதாகப் பதிய மட்டும்தான் முடியும். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். என் கருத்து அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் வந்தது.

கேட்க வேண்டுமென்றால் அவள் விழ வேண்டும். விழவிட மனசு வரவில்லை. அதனால் பாசறையில் கொண்டுபோய் விட்டேன். நெருப்பு எரியும், கூடாரம் இருக்கும், யாரும் அடிக்க மாட்டார்கள். தினமும் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு அலுவலகம் போனேன். கட்டட வரைபடங்களில் தண்ணீர்க் குழாய்க்குக் கோடு போடுவது என் வேலை. கோடு தப்பவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

சென்ற ஞாயிறு மத்தியானம் அவளுடைய அம்மாவும் தங்கையும் வந்தார்கள். சின்னவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இந்த விளையாட்டில் இவளும் பெரிய ஆட்டக்காரி. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு; எனக்கும் அப்படியே பழகிவிட்டது. அத்தை வந்ததும் கொடியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மடிக்க உட்கார்ந்தார். வாண்டு டிவியைப் போட்டாள்.

"மாமா, அக்கா எத்தனாவது லெவல்?"

"முப்பத்திரண்டு."

"கண்ணாடியப் போட்டுட்டு வாங்க. முப்பத்தொன்பது."

போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்பது. தினமும் பார்த்திருக்கிறேன், அவள் நிற்கிறாளா என்று மட்டும். எண்ணைப் பார்த்ததில்லை.

"நான் சண்டைக்கே கூட்டிட்டுப் போகலையே."

"பின்ன எங்க விட்டீங்க?"

"பாசறைல. பத்திரமா இருக்கட்டும்னு."

வாண்டு தலையில் அடித்துக்கொண்டாள். "பாசறைல விட்டா பயிற்சி எடுக்கும் மாமா! நீங்க ஆடாட்டியும் எடுக்கும். ராப்பகலா எடுக்கும். அக்கா அங்க போய் சும்மா கையக் கட்டிட்டு உக்காந்திருப்பான்னா நெனச்சீங்க?"

"எடுக்கட்டுமே. பலம்தானே கூடுது."

அவள் சிரிக்கவில்லை. "நாற்பதுல துணையத் தளபதி ஆக்கிடுவாங்க. புது உடுப்பு, புதுக் குரல். நாம பதிஞ்சது ஆறும் போயிடும். என் துணைக்கு அப்படித்தான் ஆச்சு. இப்ப செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறான்."

லெவலுக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு. அது நிறைந்தால் அடுத்த லெவல். நூலளவு பாக்கி இருந்தது.

"எப்ப ஏறும்?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள."

"வெளிய கூட்டிட்டு வந்துட்டா?"

"வெளிய கால வச்சா ஓநாய் வரும். ஒரு ஓநாய் செத்தாப் போதும். நீங்க கொன்னாலும் பாதி அவ கணக்குலதான் ஏறும்."

பாசறையில் விட்டால் பயிற்சி. வெளியே வந்தால் சண்டை. ஒரு ஆள் இருக்கிறபடியே இருந்துவிட இந்த விளையாட்டில் இடமே இல்லை. அவளைப் பத்திரமாக வைக்கிறேன் என்று நானே அவளை ஒவ்வொரு படியாக ஏற்றி, விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

"என்னடி ஆச்சு?" என்றார் அத்தை.

வாண்டு சொன்னாள். இதுவரை கேட்காத ஆறாவது குரலைப் பற்றி நான் சொன்னேன். அத்தைக்குப் பாதிதான் புரிந்தது. "அவ குரலா? இந்தப் பொட்டிக்குள்ளயா? இத்தன நாளா சொல்லவே இல்ல?"

ஃபோனில் இருந்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். *மண்டு, பாத்து!*

அத்தை கையில் இருந்த துண்டைக் கீழே வைத்தார். பிறகு, "கட்டுன புருஷன மண்டுங்கிறாளே. இப்படியா வளத்தேன்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொண்ணு இருக்குன்னீங்களே, அதயும் போடுங்க."

"அதப் போட்டா இவ இருக்க மாட்டா அத்தை."

அத்தை டிவியைப் பார்த்தார். நெருப்புக்குப் பக்கத்தில் வில்லாளி நின்றுகொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு இவ்வளவு நேரம் ஒரே எடத்துல நின்னதே இல்ல மாப்பிள்ளை" என்றார்.

கன்ட்ரோலரை எடுத்தேன்.

முதலில் அவள் வில்லை வாங்கி என் பையில் போட்டேன். அம்பறாத்தூணியை எடுத்தேன். தலைக்கவசம், மார்புக் கவசம்.

"எதுக்கு மாப்பிள்ளை அவ உடுப்பக் கழட்டுறீங்க?"

"கவசம்தான் அத்தை. உள்ள துணி இருக்கு."

"குளிராதா?"

கையுறையை மட்டும் விட்டுவைத்தேன்.

"ஓநாய்கிட்ட விழ மாட்டா" என்றாள் வாண்டு. "முப்பத்தொன்பதுல காலால ஒரு உதை விட்டாலே ஓநாய் செத்துடும். செத்தா ஏறிடும். பள்ளத்து அரக்கன்கிட்டதான் போகணும். வழில எதுவும் சாகக் கூடாது. நீங்களும் செத்துடாதீங்க, ரெண்டு பேரயும் பாசறைக்கே திருப்பிக் கொண்டு வந்துடும்."

பாசறை வாசலில் அவள் ஒரு குதி குதித்தாள். அத்தை, "இதப் பாரேன்" என்றார்.

மூன்று ஓநாய்கள் வந்தன. வாளை உருவவில்லை. அவளுக்கும் அவற்றுக்கும் நடுவில் புகுந்து ஓடினேன். முதுகில் கடித்தன. அவள் மருந்தை வீசினாள். *மண்டு, பாத்து!* மறுபடி கடித்தன. மறுபடி வீசினாள்.

"அவள முன்னாடி விடாதீங்க! மறிங்க மாமா, மறிங்க!"

"மறிக்கிறேன்டி!"

மருந்து தீர்ந்ததும் அவள் நின்றுவிட்டாள். ஓநாய்களுக்கு நடுவே குனிந்து செடி பறிக்க ஆரம்பித்தாள். பறித்தால்தான் மருந்து ஆகும்.

"இப்பப் போய்க் கடையத் தொறக்கிறா பாரு" என்றாள் வாண்டு.

ஒரு ஓநாய் அவள் பக்கம் திரும்பியது. அவள் காலைத் தூக்கினாள். நான் குறுக்கே விழுந்தேன். அந்த உதை என்மேல் பட்டு என் உயிர்க்கோட்டில் பாதி போனது. வில்லாளி உடனே புதுச் செடியில் செய்த மருந்தை என்மேல் வீசினாள். அத்தை, "உதைக்கிறதயும் உதைச்சுட்டு மருந்தா?" என்றார். அப்படித்தான் அவள்.

பள்ளத்துக்குள் ஓநாய்கள் இறங்காது. இறங்கினோம். கல் வளைவுக்குக் கீழே ஒரு குதி. உள்ளே அரக்கன் எழுந்தான். கூரை உயரம்.

நான் ஒதுங்கி நின்றேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவன் அவளை அடித்தான். வெறும் துணியோடு நின்று வாங்கினாள். எழுந்து போய் அவன் முழங்காலில் உதைத்தாள். அவன் நகத்தின் நுனி என்மேல் பட்டது. மருந்து வந்தது. மறுபடி அவளை அடித்தான். அவளுடைய உயிர்க்கோடு சிவப்பானது. அவளிடம் ஒரே ஒரு மருந்து மிச்சம். அது எனக்குத் திரையின் மூலையில் தெரிந்தது. அவள் அதைக் குடித்திருக்கலாம். குடித்திருந்தால் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருப்பேன். அவள் தளபதியாகட்டும், செய்தி வாசிக்கட்டும், எப்படியாவது இருக்கட்டும்.

"குடி" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். "நீ குடி."

அரக்கன் காலைத் தூக்கித் தரையில் அடித்தான். அந்த அதிர்ச்சியில் எனக்குக் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

*மண்டு, பாத்து!*

மருந்து என்மேல் விழுந்தது. அரக்கனின் கை அவள்மேல் இறங்கியது.

அவள் மண்டியிட்டாள். பக்கவாட்டில் சாய்ந்தாள். பிறகு ஸ்பீக்கரில் குளியலறையின் எதிரொலி கேட்டது. நாடகத்தில் சாகிறவர்கள் விடுவது போல ஒரு பெரிய மூச்சு.

*"தலைவா... என் வில்ல... எடுத்துட்டுப் போய்... நல்ல வெலைக்கு வித்துடு..."*

சிரிப்பு. அடக்கி அடக்கி வெடிக்கிற சிரிப்பு.

*"ச்சீ, கெட்டுப்போச்சு. இத எப்படி நிறுத்துறது? எத அமுக்க—"*

அவ்வளவுதான். அவள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் கன்ட்ரோலரில் எதையும் அழுத்தவில்லை. அரக்கன் என்னையும் அடித்தான். பாசறைக்குத் திரும்பி வந்தேன். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. புதிய துணையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுத்து வந்தது.

வாண்டு முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் வரவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஃபோனில் பிடிக்க மறந்துவிட்டேன். மூன்று பேருமே மறந்துவிட்டோம்.

அத்தை என் கையில் இருந்த கன்ட்ரோலரை வாங்கி, மடித்த துணியின் மேல் வைத்தார்.

"இதுதான் அவ கடைசியாப் பேசுனதா?"

"இல்ல அத்தை. இது பழசு. கல்யாணமான புதுசுல பதிஞ்சது."

"அப்ப கடைசியா என்னதான் சொன்னா?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எப்படி ஆனது என்று கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள்.

அவள் சரிந்த அன்று காலை நான் முகம் கழுவிவிட்டு வந்து, ஹால் விளக்கை அணைக்கப் போனேன். அவள் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். அவள் சொன்னதை அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

"ஈரக் கையோட ஸ்விட்ச்சத் தொடாதன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு?"