பவித்ரன் புனிதா திருமணம் எதிர்ப்புக் கூட்டம்

கல்யாண நாள் காலையில் கணினி வேலை பார்க்கும் தினேஸ்வரி தன் தோழி, மணப்பெண் புனிதாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். புந்தோங் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மகேந்திரன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“தினேஸ், வெளிய வந்து போர்டைப் பாரு லா!”

வாசலில் மின்பலகை பளபளவென்று எரிந்தது: ‘பவித்ரன் புனிதா திருமணம் எதிர்ப்புக் கூட்டம்’. வந்தவர்களெல்லாம் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“அலாமாக்! கூட்டம் நேத்துதானே அண்ணே?”

முந்தின நாள் குடியிருப்பாளர்கள் அங்கே குப்பைக் கிடங்கை எதிர்த்துக் கூட்டம் போட்டிருந்தார்கள். அதன் வால் கல்யாணத்தில் ஒட்டிக்கொண்டது எப்படி என்று அவளுக்கு உடனே புரிந்தது.

பலகையை இயக்குவது ‘சி’ என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல். விற்றவர்கள் கடையை மூடிவிட்டதால் அதில் கை வைக்க வழியில்லை. அதனால் மகேந்திரனுக்காக அவள் பைத்தான் மொழியில் சின்னதாக ஒன்று எழுதியிருந்தாள். கைப்பேசியில் தட்டும் வரியை அது வாங்கிப் பழைய நிரலிடம் கொடுத்துவிடும். பைத்தானுக்கு ஒரு வரி எவ்வளவு நீளம் என்று தானாகவே தெரியும். சி அப்படியில்லை. கடைசியில் ஒரு பூஜ்யத்தைக் காணும்வரை வாசித்துக்கொண்டே போகும். அந்தப் பூஜ்யத்தை வைக்கத்தான் அவள் மறந்திருந்தாள். முதல் நாள் வரிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததால் குட்டு வெளிப்படவில்லை. இன்றோ அதே இடத்தில் குட்டையான வரி வந்து உட்கார, பழைய வரியின் மிச்சம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

“சுவிட்சை அடைங்கண்ணே.”

“அடைச்சா நாதஸ்வர மைக்கும் சேர்ந்து போயிரும் லா.”

அவள் பதற்றத்தில் கைப்பேசியிலிருந்து ‘அனைவரும் வருக’ என்று வேறு வரி அனுப்பினாள். பலகை மாறியது: ‘அனைவரும் வருகதா திருமணம் எதிர்ப்புக் கூட்டம்’.

“இப்ப எல்லாரையும் வேற கூப்பிடுது!” என்று மகேந்திரன் தலையில் கை வைத்தார்.

மடிக்கணினியை எடுக்கப் பட்டுச்சேலையோடு வீட்டுக்குப் பறந்தாள் தினேஸ்வரி. நெரிசலில் மாட்டித் திரும்பி வந்து, பலகையின் பெட்டி அருகே குந்தி உட்கார்ந்தபோது தைப்பிங்கிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சீனி, புனிதாவின் பெரியப்பா. தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டார்கள் என்று கோபித்து, கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர்.

“ஏம்மா, கூட்டம் எந்தப் பக்கம்?” முகமெல்லாம் சிரிப்பு. “படம் பார்த்ததும் பொறப்பட்டு வாரேன். நான் மட்டும்தான் எதிர்க்கிறேன்னு நெனச்சேன். தலைவர் யாரு?”

“பெரியப்பா, அது வந்து… ரெண்டு கம்ப்யூட்டர் மொழிக்கு நடுவுல ஒரு பூஜ்யம்…”

“பூஜ்யமா? இத்தனை பேர் வந்திருக்காங்க!”

அவள் மேலே சொல்வதற்குள் புனிதாவின் அப்பா உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

“அண்ணே! நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்!” என்று அண்ணனைக் கட்டிக்கொண்டு தேம்பி அழுதார்.

சீனி தம்பியின் தோளுக்கு மேலாகத் தினேஸ்வரியைப் பார்த்தார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். எதற்காக வந்தேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? தம்பி கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போக, அவரும் போனார்.

தினேஸ்வரி வரியின் முடிவில் பூஜ்யத்தைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினாள். பலகையில் பவித்ரனும் புனிதாவும் மட்டும் நின்றார்கள்.

தாலி கட்டும்போது சீனிதான் எல்லாரையும் முந்திக்கொண்டு அட்சதை போட்டார். பந்தியில் தினேஸ்வரிக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து மெல்லக் குனிந்தார்.

“அப்ப அந்தக் கூட்டம்?”

“ரத்து பெரியப்பா.”

“சரி, நல்லது.” அப்பளத்தை நொறுக்கினார். “மாப்பிள்ளைப் பையன் என் கால்ல விழுந்தான். நல்ல பையனாத்தான் இருக்கான்.” பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். “தம்பி, இங்க கொஞ்சம் பாயாசம்!”