பன்னிரண்டாவது ஆள்

என் வேலை கொலைகளை எண்ணுவது. ரவுடிப் பட்டியலில் இருப்பவர்களிடம் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கும் திட்டம் வந்த பிறகு, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கொலை குறைந்ததா என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். திட்டத்துக்கு முந்தைய வருஷம் பன்னிரண்டு. அடுத்த வருஷம் பதினொன்று. இத்தனை சின்ன எண்ணில் ஒன்று ஏறுவதும் இறங்குவதும் சும்மாவே நடக்கும் என்று அதிகாரியிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். குறைந்திருக்கிறதல்லவா, அதைப் போடுங்கள் நர்மதா என்றார். பற்றிக்கொண்டு வந்தது.

வீம்புக்கு, அந்த வருஷம் மூழ்கி இறந்தவர்களின் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். பத்திரம் எழுதிக்கொடுத்த வெள்ளத்துரை அதில் இருந்தான். கடலிலேயே வளர்ந்த பிள்ளை, முகத்துவாரத்தில் மூழ்கினானாம்!

அவன் வீட்டைத் தேடிப் போகையில் எண்ணூர் பஸ்ஸில் கண் அசந்தது. சாம்பல் படிந்த வெயிலில் பதினோரு பேர் கரையோரம் வரிசையாக, அவசரமே இல்லாமல் நடந்துபோனார்கள். பன்னிரண்டாவதாக ஒருத்தன் மட்டும் நடக்காமல், ஈரத்தோடு நின்று என்னையே பார்த்தான். கண்டக்டர் எழுப்பிய பிறகும் அவன் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வெள்ளத்துரையின் அம்மா குப்பம்மா மணலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, தானாகவே சொன்னாள். கொழுந்தன் வலையில்தான் மகன் வந்தான். இரண்டு காலையும் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். போலீஸ் வருமுன் அவளே அதை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டாள். சவத்தைக் கட்டோடு அனுப்புவது அந்தக் குப்பத்தில் வழக்கமில்லை. மூன்று நாள் ஊறிய உடம்பில் கட்டிய தடம் தெரியவில்லை என்று போஸ்ட்மார்ட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

"கட்டின காலோட அவன எப்டிமா அனுப்புவேன்? தப்பு பண்ட்டன்னு அப்பாலதான் தெரிஞ்சிது."

அதைக் கேட்ட பிறகும் வெட்கமில்லாமல் என் கஷ்டத்தை அவளிடமே சொன்னேன். வாய்வார்த்தையை நம்பி எழுதினால் என் வேலை போகும். அவனைச் சேர்த்தால் கொலை குறையவில்லை என்று ஆகிவிடும்.

குப்பம்மா நெத்திலியைப் புரட்டிப் போட்டாள்.

"கொறையலதானேம்மா" என்றாள்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்தேன். ஆதாரம் என்ற இடத்தில், கயிற்றை அவிழ்த்தவர் தாய் என்று எழுதி அனுப்பினேன். வேலை போனால் போகட்டும்.

திரும்பும் பஸ்ஸிலும் கண் அசந்தது. பன்னிரண்டு பேரும் நடந்தார்கள். வெள்ளத்துரை கடைசியில் வந்தான். காலை நன்றாக எட்டி வைத்தான்.