ஏழாவது பெயர்

பெகாயிமின் பெயருக்கும் சமத்தின் பெயருக்கும் நடுவில் சிவப்பு வட்டம் தோன்றியதை ஒரே நாளில் நரின் நகரம் முழுவதும் பார்த்துவிட்டது. மாஸ்கோவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கும் முன்னால் பார்த்தார்கள். அந்த வட்டத்தை வரவைக்கும் நிரலை எழுதியவள் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினால் எனக்குக் குரல் வராது. விடை தெரிந்திருக்கும், வாய் திறக்காது. இரண்டு குளிர்காலம் அப்படி நின்றபிறகு ஒருநாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உர்மத் அண்ணன் நடத்திய இணையக் கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்தேன். ஆளில்லாத கணினிகளில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஐந்து வருடத்தில் அவருடைய வலைத்தளத்தை நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தளத்தின் பெயர் கோங்ஷு. அண்டைவீடு என்று பொருள். நரின்காரர்கள், ஊரில் ஆடு மேய்த்தாலும் ரஷ்யாவில் பனி வாரினாலும், ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் இடம். அதன் அடிப்படையை யாரோ எங்கோ எழுதி எல்லோருக்கும் பொதுவாக விட்டிருந்தார்கள். அதன்மேல் எங்களுக்கு வேண்டியதைச் சின்னச் சின்னப் பிளகின்களாக, அதாவது துணை நிரல்களாக, எழுதி ஒட்ட வேண்டும். பிறந்தநாள் சொல்ல ஒன்று, படம் போட ஒன்று, காணாமல் போன குதிரையை அறிவிக்க ஒன்று. ஏதாவது கெட்டுப்போனால் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கும். ஒவ்வொரு பிளகினாக அணைத்துப் பார்ப்பேன். எதை அணைத்ததும் பக்கம் திரும்ப வருகிறதோ அதைத் திறந்து வரிவரியாகப் படிப்பேன். அந்த வேலைக்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை.

'ஏழு தந்தையர்' பிளகினை உர்மத் அண்ணன் கேட்டு எழுதினேன். எங்கள் தளத்தில் பழகிய ஒரு பையனும் பெண்ணும் நிச்சயம்வரை போய்விட்டு, ஐந்தாவது தலைமுறையில் ஒரே ஆளின் வழிவந்தவர்கள் என்று தெரிந்து பிரிந்திருந்தார்கள். ஏழு தலைமுறைக்குள் ஒரே மூதாதை வந்தால் எங்களில் கல்யாணம் கிடையாது.

"நம்ம தளத்துல சேந்து நம்ம தளத்துலயே மாட்டிக்கிட்டா கெட்ட பேரு யாருக்கு? எனக்கு," என்றார். "ரெண்டு பேரோட ஏழு அப்பன்மாரையும் பக்கத்துல பக்கத்துல காட்டு. ஒரே ஆளு ரெண்டு வரிசையிலயும் வந்தா சிவப்பு. ஒரு வரிசையில ஏழைத் தாண்டிட்டா பச்சை. பெரியவங்க எண்ணுற மாதிரியே. முடியுமா?"

நான் தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லேன் உல்ஜான். நீ பதில் சொல்றதுக்குள்ள ஆத்துல பனி உருகிடும்."

"முடியும்ணே."

இளவட்டங்களுக்கு ஏழு பெயரும் வரிசையாக வராது. அதனால் நான் ஒரு வழி செய்தேன். ஒவ்வொருவரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரை மட்டும் கொடுத்தால் போதும். நிரல் அந்த அப்பாவின் பக்கத்துக்குப் போகும், அங்கிருந்து அவருடைய அப்பாவுக்கு. இறந்துபோனவர்களுக்கு யாராவது உறவினர் பெயரும் பிறந்த வருடமும் போட்டு ஓர் அட்டை திறந்துவைப்பார்கள். அப்படியே ஏழு படி ஏறும்.

முதலில் என் குடும்பத்தில்தான் ஓட்டிப் பார்த்தேன். என் கூடப்பிறந்த மூத்தவன் பக்கித் எங்கள் தாத்தாவின் பிள்ளையாக வளர்ந்தவன். எங்களில் மூத்த பேரப்பிள்ளை பெரும்பாலும் அப்படித்தான் வளரும். பாஸ்போர்ட்டிலும் தாத்தாதான் அப்பா. என் அப்பாவை அவன் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். நிரல் அவனை என் சித்தப்பா என்று காட்டியது. எனக்கு அது சரியாகவே பட்டது. வீட்டில் அவன் பேச்சுக்கு இருக்கும் மரியாதை சித்தப்பாவின் மரியாதைதான். சரி என்று குறித்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போனேன்.

பெகாயிம் எங்கள் தெருக்காரி. நான் பேசாவிட்டாலும் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளக்கூடிய ஒரே தோழி. அக்டோபரில், அவளுக்குப் பேசியிருந்த ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சமத்தின் அம்மா வந்து அவள் காதில் கம்மல் போட்டுவிட்டுப் போனார். அது போட்டாகிவிட்டால் பெண் அந்த வீட்டுக்காரி. நவம்பரில், மாஸ்கோவில் ஓட்டலில் பாத்திரம் கழுவும் சமத்தின் அத்தை ஒருத்தி, வேலை இல்லாத ஒரு மத்தியானம், விளையாட்டாக இருவர் பெயரையும் போட்டு அழுத்தினாள்.

இரண்டு நாள் கழித்து சமத் வீட்டார் பெகாயிம் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் ஊற்ற நான் போயிருந்தேன். பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கைக்கூட யாரும் தொடவில்லை. சமத்தின் பெரியப்பா கைபேசியை மேசைமேல் வைத்து, "ஜோல்சு, தப்பா நெனக்காதீங்க. இது மெஷினு. மெஷின் சொன்னா நாங்க கேட்டுக்கணுமா? நீங்க உங்க வாயால சொல்லுங்க," என்றார்.

பெகாயிமின் அப்பா ஜோல்சு கண்ணை மூடிக்கொண்டு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த ராகத்திலேயே சொன்னார். அவர் அப்பா அஸன், அஸனின் அப்பா துலேபெர்தி, அப்படியே மேலே. பெகாயிமுக்கு ஜோல்சு ஒன்று, அஸன் இரண்டு என்று பெரியப்பா விரல் மடக்கிக்கொண்டே வந்தார். ஏழாவது விரலில் போதோகுல் என்ற பெயர் வந்தது. சமத்தின் வரிசையிலும் ஏழாவது போதோகுல். கைபேசியில் இருந்ததும் அதுவே.

"ஒத்துப்போச்சு," என்றார் பெரியப்பா. அவர் குரலில் வருத்தம் இருந்தது.

பெகாயிம் என்னைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அது நீ எழுதுனதுதானே?"

"ஆமா."

"அப்போ நல்லாப் பாரு. எங்கயாவது ஒரு இடத்துல தப்பா எண்ணியிருக்கும். நீதான சொல்லுவ, ஒரு புள்ளி மாறினாலும் எல்லாம் மாறிடும்னு. சமத்தோட அம்மா ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. பாருடி."

மூன்று நாள் பார்த்தேன். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் ஏழு என்று நான் நினைத்தது எட்டாகியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. வேறு பிளகின் எதுவும் குறுக்கே வருகிறதா என்று மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டினேன். அதே சிவப்பு. ஒரே பெயரில் இரண்டு போதோகுல் இருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவர்தான். பிழைப் பதிவேடு சுத்தமாக இருந்தது. எழுதியதை மட்டுமே பார்த்தேன். எழுதுவதற்கு முன்னால் எதை உண்மையென்று எடுத்துக்கொண்டேன் என்று பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பெகாயிமிடம் சொன்னேன். "தப்பு இல்ல."

"சத்தியமா?"

"நிரல்ல தப்பு இல்ல."

அன்றே கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து அனுப்பிவிட்டார்கள். பெகாயிம் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனாள்.

டிசம்பரில் தளத்தின் அடிப்படைக்குப் புதிய பதிப்பு வந்தது. ஏற்றியதும் முதல் பக்கம் வெள்ளையாகிவிட்டது. ஒவ்வொன்றாக அணைத்து, பிறந்தநாள் பிளகினில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து ஒட்டுப்போட்டேன். மறுநாள் வேறு கூத்து ஆரம்பித்தது. செத்தவர்களின் அட்டைகளையும் அது உறுப்பினராக எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கடிதம் போட்டிருந்தது.

"உல்ஜான், இங்க வா," என்று உர்மத் அண்ணன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "'இன்னைக்கு அஸனுக்கு நூத்தி ஒன்பது வயசு, வாழ்த்துச் சொல்லுங்க'ன்னு போயிருக்கு. ஒருத்தன் என்னைக் கேக்குறான், 'வாழ்த்தை எந்த அட்ரஸுக்கு அனுப்பணும், மேலயா கீழயா'ன்னு."

அதைச் சரிசெய்ய அட்டைகளிலும் உறுப்பினர் பக்கங்களிலும் உள்ள பிறந்த வருடங்களை வரிசையாக எடுத்துப் போட்டேன். அஸன் பிறந்தது 1904. அவர் மனைவி 1908. அவர்கள் மகன் கதிர் 1934. இன்னொரு மகன் ஜோல்சு 1962.

அஸனின் மனைவி ஐம்பத்து நான்கு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறாள். பிறகு என் வீட்டு வரிசையை எடுத்தேன். பக்கித்துக்கும் பாஸ்போர்ட்டில் இருக்கும் அவன் அம்மாவுக்கும் ஐம்பத்தோரு வருடம்.

வீட்டுக்குப் போய் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஜோல்சு மாமா யாரோட பிள்ளை?"

"கதிரோட மூத்தது. அஸன் கிழவர் தூக்கிட்டுப் போய் வளத்தாரு. எங்க காலத்து ஆளுங்களுக்கெல்லாம் தெரியுமே."

"அன்னைக்கு ஏன் யாரும் சொல்லல?"

"எதை?"

"எண்ணும்போது ஒரு ஆள் விட்டுப்போச்சும்மா. கதிர் விட்டுப்போச்சு. போதோகுல் ஏழு இல்ல. எட்டு."

அம்மா பிசைவதை நிறுத்தினாள். "நான் அங்க இல்லையேடி. ஜோல்சு எப்படிச் சொல்வாரு? வளத்தவரை அப்பா இல்லன்னு விருந்தாளி முன்னாடி சொல்ல முடியுமா? அவரு அந்த வரிசைய அப்படித்தான் சின்ன வயசுலருந்து சொல்லிக்கிட்டு இருக்காரு. அவருக்கே தோணியிருக்காது."

அது செவ்வாய்க்கிழமை. வருகிற சனிக்கிழமை சமத்துக்கு அத்-பாஷி என்ற ஊரிலிருந்து வேறு பெண்ணை அழைத்து வருவதாக இருந்தது. கல்யாண விருந்துக்கு மாட்டை அடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

உர்மத் அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி பண்ணிடு. சத்தமில்லாம. சத்தம் போட்டா உடைஞ்ச கல்யாணத்தை எல்லாம் தூக்கிட்டு நம்ம வாசலுக்கு வந்துடுவாங்க," என்றார். பிறகு, "நீ போய் அவங்க வீட்ல சொல்லணும்னா சொல்லு. நான் தடுக்கல," என்றார்.

பெகாயிமுக்கு எழுத முயன்றேன். தப்பு இல்லை என்று சொன்ன நானே இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதி அழித்தேன். முதலில் சமத் வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஆற்றைத் தாண்டிப் போனேன். வாசலில் நாய் குரைத்தது. சமத்தின் அம்மா வாளியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் முற்றத்தில் நாலைந்து பெண்கள் கம்பளம் உதறிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரும்மா? இணையக் கடைப் பொண்ணா? என்ன வேணும்?"

வாக்கியத்தை வழியெல்லாம் தயார்செய்து கொண்டுவந்திருந்தேன்.

"நெட்டு நல்லா வருதான்னு கேக்க வந்தேன்," என்றேன்.

"வருதே. நேத்துகூடப் பேசினோம்."

"சரிங்க."

"உள்ள வந்து தேநீர் குடிச்சிட்டுப் போயேன்."

"இல்லீங்க, வேலை இருக்கு."

கூடத்துக்குத் திரும்பி நிரலைத் திருத்தினேன். 'உங்களை வளர்த்தவர் உங்கள் தாத்தாவா?' என்று ஒரு கேள்வி சேர்த்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஐம்பது வயதுக்குமேல் இடைவெளி இருந்தால் கேள்வி தானாக எழும், பதில் வரும்வரை வட்டமே வராது. ஜோல்சுவின் தளப் பக்கத்தில் 'ஆம்' என்று நானே போட்டேன், கதிர் வரிசைக்குள் வந்தார். மாற்றங்களின் பட்டியலில் 'தலைமுறை எண்ணிக்கைப் பிழை சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதினேன். வட்டம் பச்சையானது. சனிக்கிழமைக்குள் யாராவது பார்ப்பார்கள் என்று நம்பினேன். முடிந்துபோன ஒன்றை யார் திரும்ப அழுத்திப் பார்க்கப் போகிறார்கள்? பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், பெகாயிமையும் சேர்த்துப் பன்னிரண்டு ஜோடிகளின் சிவப்பு போய்விட்டிருந்தது. அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்துவைத்தேன். அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வண்டிகளின் ஒலிப்பான் சத்தம் மத்தியானம் முழுக்கக் கேட்டது.

மார்ச்சில் பெகாயிம் ஊருக்கு வந்தாள். நேராகக் கூடத்துக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"எங்க சித்தி பொண்ணு சும்மா அழுத்திப் பாத்தா," என்றாள். "பச்சையா இருக்கு."

"ஆமா."

"எப்பலருந்து?"

பொய் சொல்ல வழி இருந்தது. ஆனால் தேதி பட்டியலில் யாரும் பார்க்கும்படி இருந்தது. சொன்னேன். அவள் உதடு அசையாமல் நாட்களைக் கணக்குப் பார்த்தாள்.

"புதன்கிழமை. அவனுக்குச் சனிக்கிழமை."

"அவங்க வீட்டுக்குப் போனேன் பெகாயிம். வாசல்வரைக்கும்."

"போய்?"

நெட்டு வருகிறதா என்று கேட்டதைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். பழையபடி என்னைக் கேலி செய்யும்போது வரும் சிரிப்புதான், பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஒரு வார்த்தைடி. எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நானே போய்க் கத்தியிருப்பேன். நீ பேசவே வேண்டியிருந்திருக்காது."

மூன்று முறை எழுதி அழித்ததைச் சொன்னேன்.

அவள் கேட்டாள். "என்னை மாதிரி வேற யாராவது?"

"பதினோரு ஜோடி."

"அவங்களுக்குச் சொன்னியா?"

நான் பட்டியல் இருந்த கோப்பைத் திறந்தேன். அவள் மேலங்கிப் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"நம்பரைப் படி."

படித்தேன். அவள் பேசினாள். சிலர் திட்டினார்கள். சிலர் மறுபடி மறுபடி விளக்கச் சொன்னார்கள். ஒருத்தி அழுதது எனக்கே கேட்டது. நான்கு இடங்களில் வேறு கல்யாணம் முடிந்திருந்தது. "ஆமாங்க, பிழைதான். இல்லீங்க, உங்க பெரியவங்க மேல தப்பில்ல," என்று பெகாயிம் ஒவ்வொருவருக்கும் ஒரே பொறுமையோடு சொன்னாள். என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. ஒன்பது முடிந்ததும் எழுந்து தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டாள்.

"மீதி ரெண்டு உனக்கு," என்றாள்.

மறுநாள் காலை அந்த இரண்டு எண்களுக்கும் பேசினேன். ஒன்றில் மணி அடித்து அடித்து நின்றது. இன்னொன்றில் வயதான ஒருவர் எடுத்தார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு நீ யார் மகள் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் பேத்திக்குப் போன மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது அம்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணி அடித்து நின்ற எண்ணுக்கு இன்னும் தினமும் போடுகிறேன். பெகாயிம் பிறகு கூடத்துக்கு வரவில்லை.