பவழக்குப்பத்துக்கு மூன்று முறை

சுப்புலக்ஷ்மி பவழக்குப்பத்துக்கு மூன்று முறை போய் வந்தவள். ஆபீஸ் காகிதம் அப்படித்தான் சொல்கிறது. மைசூரில் பிறந்து ஜோகுபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட அவள், கடலைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவள் கணவர் சாமிநாதனுக்கு அரசாங்கத் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. குடும்பத்தோடு ஊர் சுற்றிவர அங்கே எல்.டி.சி. என்று செலவு கொடுப்பார்கள். மகானுபாவர் எங்கும் போகாமலே டாக்ஸிக்கும் ஓட்டலுக்கும் பொய் ரசீது வாங்கி நீட்டிவிடுவார். தெரு முழுக்க அதே தொழிற்சாலைக்காரர்கள். அதனால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பெட்டியோடு ஆட்டோ ஏறி, அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு, தெருவே ஷிஃப்டுக்குப் போனபிறகு பின்கதவு வழியாக வீட்டுக்குள் நுழைய வேண்டும். வாசலில் பூட்டுத் தொங்கும். உள்ளே ஒரு வாரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குக்கர் வைக்காமல், இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும். அதுதான் அவளுடைய கடற்கரை வாசம்.

ஒவ்வொரு தடவையும் "அடுத்த தடவை நிஜமாவே போலாம்டி" என்பார். மூன்றாம் தடவை அதை நம்பி, மணலில் நடக்க ரப்பர் செருப்புகூட வாங்கினாள். அந்த வாரம் முழுக்க அந்தச் செருப்போடு சமையலறையில் நடந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தொண்ணூற்றெட்டில் யாரோ மொட்டைக் கடிதாசி போட்டார்கள். விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்து மனைவியைத் தனியாக விசாரிப்பார் என்று சாமிநாதனுக்குத் தெரிந்தது. மாட்டினால் வேலை போய்விடும். எங்கிருந்தோ பவழக்குப்பத்துச் சுற்றுலா நோட்டீஸைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இதை மனப்பாடம் பண்ணிக்கோ."

"பண்ணினா நிஜமா கூட்டிண்டு போவேளா?"

"பெருமாள் சத்தியமா. இதுலேர்ந்து தப்பிச்சா வர தை மாசமே போறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரி கோவிந்தப்பா வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சாமிநாதனைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு, கன்னட வாடையடிக்கும் தமிழில் கேட்டார்.

"லைட் ஹவுஸ் மேலே ஏறினீங்களாம்மா?"

"நூத்தி அறுபத்திரண்டு படி சார். மூட்டுவலியோட எண்ணிண்டே ஏறினேன்."

"ஹௌதா, அப்படியா? அப்புறம் என்ன பாத்தீங்க?"

"டச்சுக்காரன் கோட்டை. பீரங்கி ஒண்ணு பாதி மண்ணுல புதைஞ்சு கெடக்கு. காலம்பற ஆறு மணி படகுல போனா உப்பங்கழியில நாரை கூட்டம் கூட்டமா நிக்கும்."

"சமுத்திரம் எப்படி இருந்தது?"

நோட்டீஸில் அது இல்லை.

"காலை நனைச்சுண்டு நின்னேன் சார். திரும்பி வரவே மனசில்லை."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோவிந்தப்பா சங்கடப்பட்டுப்போய் ஏதோ எழுதினார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், ஃபைலை மூடினார். "எங்க வீட்டுலயும் ரொம்ப நாளா கேக்கறாங்கம்மா. ஒரு தரம் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொல்லைக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சாமிநாதன் உள்ளே வந்து ஊஞ்சலில் சாய்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"தை மாசம் டிக்கெட் போட்டுடலாமா?" என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? இப்பத்தான் கேஸ் மூடியிருக்கு, அங்க போய் நின்னா எவனாவது கிளறுவான். அதுவும் நீ இன்னிக்குச் சொன்னதைக் கேட்டா, போய்ட்டு வந்தவா தோத்தா! இதுக்கு மேல பாக்கறதுக்கு அங்க என்னடி இருக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். "அடடா, பேனாவை விட்டுட்டுப் போயிட்டார் பாரு. ஓடிப்போய்க் குடு."

கோவிந்தப்பா கேட்டருகே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். சுப்புலக்ஷ்மி பேனாவை நீட்டினாள்.

"சார், நீங்க எழுதினதை இதாலேயே அடிச்சுடுங்கோ. நான் சமுத்திரத்தைப் பாத்ததே இல்லை."