இலையின் அடிப்பக்கம்

என் கணவர் சபாபதிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. வேலையில் கைதேர்ந்தவர். அந்தக் கைத்திறன்தான் என் குடியைக் கெடுத்தது.

எண்பத்தெட்டில் பூச்சோங் குன்றில் ஒரு பெரணி இலையைப் பறித்து வந்து, பழைய பேப்பருக்குள் காயவைத்திருந்தேன். அதை எடுத்து, பச்சைப் பக்கம் மேலே தெரியும்படி அட்டையில் பசை தடவி ஒட்டி, சட்டம் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு நான் வீடு திரும்பியதும், "பொறந்த நாள் பரிசு ரமணி. எப்படி இருக்கு?" என்றார்.

பெரணிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. இலைக்கு அடியில் இருக்கும் வித்துகளை வைத்துத்தான் இன்னதென்று சொல்ல முடியும். அவை கோடாக இருந்தால் சாதாரண ரோட்டோரப் பெரணி. புள்ளியாக இருந்தால் இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத இனம். நான் பார்த்தது புள்ளி. ஆனால் நான் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகப் பேராசிரியர் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். நம்பினால்தான் என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வார். திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

கத்தியால் மெல்ல நெம்பிப் பார்த்தேன். இலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. வித்துகள் பசைக்குள் போய்விட்டன.

"அழகான பக்கத்தைத்தானே மேல வெப்பாங்க?" என்றார்.

"உங்க சாமிக்கு முதுகு வேணாம். எனக்கு முதுகுதாங்க வேணும்."

வேறோர் இலை தேட அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பூச்சோங் போய்ச் சேர்ந்தால் பாதிக் குன்றைக் காணோம். வீடமைப்புக்காக வெட்டித் தள்ளியிருந்தார்கள். நான் இலை பறித்த ஓடையை மூடிய செம்மண்மேல் ஒரு லோரி நின்றது. அதைப் பார்த்ததும் யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை.

மிச்சமிருந்த புதருக்குள் அவர் இறங்கினார். ஒவ்வோர் இலையாகப் பறித்து, "இதுவா?" என்று நீட்டினார். நான் திருப்பிப் பார்த்துவிட்டு வீசினேன். எல்லாம் கோடுதான்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே லா இருக்கு," என்றார்.

"இல்ல," என்றேன். அதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இன்னோர் இலையைப் பறித்தவர் அதை என்னிடம் நீட்டவில்லை. தானே திருப்பி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"கோடு," என்று சொல்லிக் கீழே போட்டார்.

சரியாகத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.